மழைக்கு முன் தீர்க்க வேண்டிய கடன்

நீலகிரியில் ஒரு வீட்டின் நிலைமையை அறிய விரும்புகிறவர், அங்கே குடியிருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "மழை வந்தா எங்கே படுப்பீங்க?"

நல்ல வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே விளங்காது. ஒழுகும் வீட்டில் இருப்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார். மேற்கிலிருந்து காற்றடித்தால் அடுப்பங்கரை மூலை, கிழக்கிலிருந்து அடித்தால் கதவோரம், இரண்டு பக்கமும் சாரல் என்றால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பது. இருபது வயதில் அப்படி ஒரு இரவைக் கழிப்பது கஷ்டம். எழுபத்தைந்து வயதில், தனியாக, குன்னூரின் ஐப்பசிக் குளிரில் அப்படிக் கழிப்பது உடம்பைக் கரைக்கும். உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். மார்கழியிலும் தையிலும் அங்கே புல்லின்மேல் உறைபனி படர்கிறது. இந்த மலையில் கூரையும் சுவரும் மானத்துக்காக மட்டும் வேண்டியவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவை உயிருக்கு வேண்டியவை.

அந்த மலையில் கல்லூரிகளும் இருக்கின்றன, மேல்நிலைப் பள்ளிகளும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பல்லாயிரம் இளைஞர்களின் கைகளில் வலு இருக்கிறது. ஒழுகும் வீட்டுக்கும் அந்தக் கைகளுக்கும் இடையே பல இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அந்தத் தூரத்தை யார் கடப்பது, எப்படிக் கடப்பது என்பதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

யாருடைய வீடு அது?

சமவெளியில் இருப்பவர்களுக்கு நீலகிரி என்றால் கோடை விடுமுறை. மலையில் உழைத்தவர்களுக்கு அது வேறு கதை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும் முடிவானது. மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரை ஆளுக்குப் பாதியாக ஏற்பதென்று 1974இல் தீர்மானித்தார்கள். ஒப்பந்தம் செய்யுமுன், எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கப்பலேறி வந்தவர்களில் பெருந்தொகையினர் தெரிந்த வேலையைத் தேடி நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் பின்னர் 'டான்டீ' என்று எல்லோரும் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் அவர்கள்.

அன்று இருபது வயதில் கூடையைத் தோளில் மாட்டிய பெண்ணுக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். அவளுக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளரின் மேல் சுமத்தியது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அந்தச் சட்டத்தில் 1981இல் ஒரு திருத்தம் வந்தது. உரிமையாளர் கொடுத்த வீடு இடிந்து விழுந்து யாராவது இறந்தாலோ காயமடைந்தாலோ அவர் இழப்பீடு தர வேண்டும் என்று அது சொன்னது. வீடு இடிந்து விழுவதற்கென்று சட்டத்தில் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வீடுகள் எந்த நிலையில் இருந்தன என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்றவர் லைன் வீட்டைவிட்டு வெளியேறி எங்கே போவார்? கையில் கிடைத்த தொகையில் மகளின் கல்யாணக் கடன் போக மிஞ்சியதை வைத்து, சரிவில் கிடைத்த இரண்டு சென்ட் நிலத்தில், மண்கட்டிச் சுவர் எழுப்பி மேலே தகரம் போட்டுக்கொள்வார். கூடலூர்ப் பக்கம் என்றால் அந்த நிலத்துக்கும் பட்டா கிடைப்பது கடினம். 1969ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்த நிலங்களின் உரிமை வழக்கு பல பத்தாண்டுகளாக இழுபட்டதால், அங்கே குடியிருப்போர் மின் இணைப்புக்கே போராட வேண்டியிருந்தது.

பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தோன்றும். திருப்பூரில், கோயம்புத்தூரில். தேயிலை தந்த கூலி அடுத்த தலைமுறையைத் தாங்கவில்லை. 2001 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் அது 7,35,394 ஆகக் குறைந்தது. தமிழ்நாடு முழுவதும் மக்கள்தொகை ஏறிக்கொண்டிருந்த பத்தாண்டில் இந்த மலை மாவட்டத்தில் அது இறங்கியது. மலையிறங்கியவர்கள் இளையவர்கள், தங்கிவிட்டவர்கள் முதியவர்கள். பிள்ளைகள் பெற்றோரை மறந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அது பெரும்பாலும் உண்மையன்று. மாதாமாதம் பணம் அனுப்புகிற மகனால்கூட மழை பெய்யும் இரவில் கூரையேறித் தகரத்தின்மேல் கல்லை வைக்க முடியாது. பணத்தை அனுப்பலாம், கையை அனுப்ப முடியாது. அந்தக் கையைத்தான் அக்கம்பக்கத்து இளைஞர்கள் தர வேண்டியிருக்கிறது.

வீடு எதனால் வீழ்கிறது?

வீட்டைச் செப்பனிடுவது என்றதும் வெள்ளையடிப்பது நம் நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியும் வேலை அது, ஒரு நாளில் முடியும், படமும் அழகாக வரும். ஆனால் மலையில் ஒரு வீடு சுவரின் நிறத்தால் கெடுவதில்லை. தண்ணீரால் கெடுகிறது.

முதல் தண்ணீர் மேலிருந்து வருவது. தகரத்தில் ஆணி அடித்த துளையின் வாஷர் வெயிலில் வெடித்துப்போகும். துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். தகரத்தைத் தாங்கும் சட்டம் நனைந்து உளுத்துப்போகும். ஒரு வாஷரின் விலை சில ரூபாய். அதை மாற்றாமல் விட்டால் மூன்று மழைக்காலத்தில் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டால் கூரையே போய்விடும்.

இரண்டாவது தண்ணீர் வீட்டின் பின்புறத்திலிருந்து வருவது. இதுதான் உயிரைப் பறிப்பது. மலைச் சரிவில் வீடு கட்ட வேண்டுமானால் பின்பக்கம் மண்ணை வெட்டித் தளம் எடுக்க வேண்டும். வெட்டிய மண்மேட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓட வேண்டும். மேலே பெய்த மழை அந்த வழியாக வெளியேற வேண்டும். கால்வாயில் சருகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மண் ஊறி எடை கூடி, அடிப்பிடி தளர்ந்து, ஓர் இரவில் வீட்டின்மேல் சாயும். 2009 நவம்பரில் நீலகிரியில் அந்த இரவு வந்தது. கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் ஏராளமான மண்சரிவுகள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் வீட்டுக்குள் உறங்கும்போதே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. அவ்வளவு பெரிய மழையை ஒரு கால்வாய் தடுத்துவிடாது. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழையில் ஒரு சரிவு பிழைக்குமா சாயுமா என்பதை அந்தக் கால்வாய் பல வேளைகளில் தீர்மானிக்கிறது. தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேற விட்ட துளைகள் அடைபட்டிருந்தால் சுவரே பாரமாகிவிடும். அவற்றைக் கம்பியால் குத்தித் திறக்கவும் கால்வாயை வழித்து எடுக்கவும் ஆறு மாணவர்களுக்கு ஒரு காலை நேரம் போதும்.

மற்றவையும் உண்டு. வீட்டிலிருந்து கழிப்பறைக்குப் போகும் பாசி படிந்த ஐந்து படிகள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்கு அதுவே கடைசிப் படுக்கை. புகை போக வழியில்லாத அடுப்படி. குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கி, நச்சுப்புகையில் இறந்துபோகிறவர்களைப் பற்றி உதகையில் குளிர்காலந்தோறும் எச்சரிக்கிறார்கள். அவர்கள் ஏன் கரியடுப்பை உள்ளே கொண்டுபோனார்கள்? சுவர் ஓதமேறி ஈரமாக இருந்தது, சன்னலில் கண்ணாடி இல்லாமல் கோணி தொங்கியது. பந்தலூர்ப் பக்கம் அரிசி வாசனைக்கு யானை சுவரை இடிக்கிறது. கோத்தகிரிப் பக்கம் கரடி கதவைப் பெயர்க்கிறது. அங்கெல்லாம் ஒரு உறுதியான கதவும் தாழ்ப்பாளும் நிம்மதியான உறக்கத்தைத் தரும்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலையில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து குனிந்து பார்க்க வேண்டும்.

மாணவர்களும் இந்த வேலையும்

இதை மாணவர்களிடம் கேட்பது முறையா? படிக்க வந்த பிள்ளைகளைக் கொத்து வேலைக்கு அனுப்புவதா? இந்தக் கேள்விக்கு நம் நாடு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 'எனக்காக அன்று, உனக்காக' என்பது அதன் குறிக்கோள். கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும், தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும் என்பது அதன் விதி. மேல்நிலைப் பள்ளிகளிலும் அது நடக்கிறது. ஆகவே அமைப்பு இருக்கிறது, நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, திட்ட அலுவலராக ஓர் ஆசிரியரும் இருக்கிறார். அந்த 240 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் ஒரு முதியவரின் வாசலுக்குள் போகிறது என்பதே கேள்வி. பேரணியும் மரம் நடுதலும் கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்வதும் நல்ல காரியங்கள். அவை பொது இடத்தில் நடப்பவை. பொது இடத்தைவிட வீட்டுக்குள் நுழைவது கடினம். அங்கே வறுமை பெயரோடும் முகத்தோடும் உட்கார்ந்திருக்கிறது.

உலகத்தில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பிரான்சில் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே எஸ்னே என்ற இடிந்த கிராமத்துக்குப் போனார். போரில் எதிரெதிரே நின்ற நாடுகளைச் சேர்ந்த தொண்டர்கள் சேர்ந்து அங்கே ஊரைச் சீரமைக்கும் வேலையில் இறங்கினார்கள். 'பேச்சு வேண்டாம், செயல்' என்பது அவர்களுடைய வழி. அதிலிருந்தே பன்னாட்டுத் தொண்டு முகாம் இயக்கம் பிறந்தது. அந்த மனிதர் இந்தியாவுக்கும் வந்தார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது காந்தி தென்னாட்டில் அரிசனப் பயணத்தில் இருந்தார். அந்த ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் அவர் தங்கியது நம் குன்னூரில்தான். போன இடமெல்லாம் பீகாருக்காகக் கையேந்தினார். செரெசோல் பீகாருக்கு வந்து, முசாபர்பூர்ப் பகுதியில் இந்தியத் தொண்டர்களோடு சேர்ந்து, வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்தில் ஊரை மறுபடி கட்டும் வேலையில் இறங்கினார்.

பக்கத்திலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபின், அங்குள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் 'நைபுண்ய கர்ம சேனா' என்ற பெயரில் அணி அணியாகப் போனார்கள். சேறு நிரம்பிய வீடுகளில் மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் சரிசெய்து கொடுத்தார்கள். அவர்கள் அன்பை மட்டும் கொண்டுபோகவில்லை, கைத்தொழிலையும் கொண்டுபோனார்கள். நீலகிரியில் கலைக் கல்லூரி மாணவரும் தொழிற்பயிற்சி நிலைய மாணவரும் ஒரே அணியாகப் போனால் அதே வேலை நடக்கும். சமூகம் ஏணியில் கீழே நிறுத்தியிருக்கும் மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், தச்சர் பிரிவு மாணவர் அங்கே ஆசானாக நிற்பார். பட்டப்படிப்பு மாணவர் அவருக்குச் சித்தாளாகச் சாந்து கலந்து கொடுப்பார். அந்த ஒரு வாரம் அவர்கள் இருவருக்கும் கற்பிப்பதை எந்தப் பாடநூலும் கற்பிக்காது.

முறையோடு செய்தல்

நல்லெண்ணத்தோடு செய்த அரைகுறை வேலை, செய்யாததைவிடத் தீங்கானது. முழுக்க ஒழுகும் கூரையின் கீழ் வாழ்பவர் எச்சரிக்கையோடு இருக்கிறார். சரிசெய்துவிட்டார்கள் என்று நம்பிப் படுத்தவர் நள்ளிரவில் நனைகிறார். அவருடைய நம்பிக்கையும் சேர்ந்து நனைகிறது. ஆகவே இந்தத் தொண்டுக்கு ஓர் ஒழுக்கம் வேண்டும்.

முதலில் கேட்க வேண்டும். என்ன வேண்டும் என்பதை வீட்டுக்காரர் சொல்லட்டும். நாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பாட்டி படிக்கட்டைக் காட்டலாம். அவர் சொல்வதே சரி. அந்தப் படியில் தினமும் இறங்குகிறவர் அவர்.

இரண்டாவது, அனுபவமுள்ள கொத்தனாரோ ஆசாரியோ முன்னின்று நடத்த வேண்டும். அவருடைய கூலியை நன்கொடையிலிருந்து முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். மாணவர் இலவசமாக உழைப்பதால் ஊர்த் தொழிலாளியின் பிழைப்பு கெடக்கூடாது.

மூன்றாவது, ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின்மேல் யாரும் கால் வைக்கக்கூடாது, அது சொல்லாமல் உடையும். அதை அறுப்பதும் துளையிடுவதும் மாணவர் வேலையில்லை. அந்தத் தூசு நுரையீரலுக்குள் தங்கிப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. மின்கம்பியை உரிமம் பெற்றவரே தொட வேண்டும். வெட்டிய மண்மேட்டின் அடியில் ஈரக் காலத்தில் யாரும் தோண்டக்கூடாது.

நான்காவது, பருவத்தை அறிந்து போக வேண்டும். கூடலூர், பந்தலூர், தேவாலாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே மே மாதம் முடியுமுன் வேலை முடிந்திருக்க வேண்டும். குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையில் நனைபவை. அங்கே செப்டம்பர் இறுதி எல்லை. பொங்கலுக்குப் பிறகு வரும் வறண்ட வாரங்கள் மண்சுவருக்கும் சிமென்டுக்கும் உகந்தவை. முகாம் தேதியைக் கல்லூரி நாட்காட்டி மட்டும் தீர்மானித்தால் மழை அதைக் கேட்காது.

ஐந்தாவது, அந்த வீட்டின் வறுமையைக் காட்சிப்பொருளாக்கக்கூடாது. கிழிந்த பாயையும் கரிபிடித்த சுவரையும் படமெடுத்து ஊருக்குக் காட்டும் உரிமை நமக்கில்லை. வேலையின் கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் கால்வாயை எடுக்கலாம், கூரையை எடுக்கலாம். அந்த மனிதரின் முகத்தை அவர் மனமுவந்து சொன்னாலொழிய எடுக்கக்கூடாது. வாசலில் பதாகை கட்டவே கூடாது. இத்தனை ஆண்டுகள் கூலி வாங்கி உழைத்து வாழ்ந்தவர் அவர். அவருடைய வீட்டு வாசல் நம் விளம்பரப் பலகை ஆகிவிடக்கூடாது.

ஆறாவது, அவர் தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். பாலில்லாத தேத்தண்ணியாக இருந்தாலும் உட்கார்ந்து குடிக்க வேண்டும். வேண்டாம் பாட்டி, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று மறுப்பது கருணைபோலத் தோன்றும். உண்மையில் அது அவரை வெறும் பெறுநராக்கிவிடுகிறது. தன் வீட்டில் வந்து வேலை செய்தவருக்கு ஒரு வாய் கொடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அவர் தேயிலை பறித்த கதையையும் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்த கதையையும் சொல்லத் தொடங்கினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அதுவும் முகாமின் வேலைதான்.

கடைசியானதும் கடினமானதும் ஒன்று உண்டு. முதல் பெருமழைக்குப் பிறகு அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். நாம் போட்ட தகரம் நின்றதா, கால்வாயில் தண்ணீர் ஓடியதா என்று பார்க்க வேண்டும். நின்றிருந்தால் நல்லது. ஒழுகியிருந்தால் மறுபடி ஏற வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்களிடம் அந்த வீடுகளின் பட்டியலை ஒப்படைத்துவிட்டுத்தான் இந்த ஆண்டு மாணவர்கள் கல்லூரியை விட வேண்டும். தொண்டு செய்ததாகச் சான்றிதழ் முகாமின் ஏழாம் நாள் கிடைத்துவிடுகிறது. உண்மையான சான்றிதழை மழைதான் தரும்.

மலை அறிந்த வழக்கம்

இது வெளியிலிருந்து வந்த புதுக் கொள்கை என்று நீலகிரியில் யாரும் சொல்ல முடியாது. தோடர் குடியிருப்புகளான மந்துகளில் கோயிலுக்குப் புதிதாகக் கூரை வேயும்போது ஒருவர் தனியே வேய்வதில்லை. மேட்டுப் புல்வெளிகளில் அறுத்த புல்லையும் மூங்கிலையும் பிரம்பையும் கொண்டு ஆண்கள் கூடி வேலை செய்கிறார்கள். படகர் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. ஒரு வீட்டின் கூரை விழுந்தால் அடுத்த வீட்டின் சுவரும் நனையும். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்து கொடுத்தார்கள், படகர் தானியம் கொடுத்தார்கள், தோடர் நெய் கொடுத்தார்கள், குறும்பர் காட்டின் விளைவைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கையில்லாமல் மற்றவர் வீடு நிற்காது என்ற அறிவோடு இந்த மலை நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது. அந்த உறவுகளில் ஏற்றத்தாழ்வும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அயலானின் கூரை என் கவலையும்தான் என்ற உணர்வு அங்கே இருந்தது.

வள்ளுவர் இல்லறவியலில் ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னே, 22ஆம் அதிகாரமாக, ஒப்புரவறிதலை வைத்தார். இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கொடுப்பதற்கு முன்னால், நான் யாரோடு சேர்ந்து வாழ்கிறேன், அவர்களுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று அறிய வேண்டும். அந்த அறிவு வந்தபின் செய்யும் உதவியில் அகந்தைக்கு இடமிருக்காது. நீலகிரிக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி நடந்துவரும் சாலையைப் போட்டவர்கள், அவள் குடும்பம் பிழைக்கும் தேயிலையை நட்டவர்கள், அவள் ஊரின் கடைவீதியை வாழவைத்தவர்கள் இன்று ஒழுகும் கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்வதைத் தானம் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை. அது பட்ட கடன். கடனை அடைப்பவர் பெருமை பேசமாட்டார், பாதியில் விடமாட்டார், தவணை தவறமாட்டார். மேலே சொன்ன ஒழுக்கங்கள் எல்லாம் இந்த ஓர் எண்ணத்திலிருந்து தாமாகவே பிறக்கும்.

அரசின் கடமையும் நம் கடமையும்

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியதில்லையா என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். செய்ய வேண்டியதுதான். 2024இல் தமிழக அரசு ஊரகப் பகுதிகளில் பழைய திட்ட வீடுகள் இரண்டரை லட்சத்தை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாக அறிவித்தது. புது வீடு கட்டுவதைப் போலவே பழைய வீட்டைக் காப்பதும் அரசின் வேலை என்று ஏற்றுக்கொண்ட நல்ல முடிவு அது. ஆனால் அத்தகைய திட்டங்கள் அரசு முன்பு கட்டிக்கொடுத்த வீடுகளை நோக்கியவை. தோட்டத்தின் பெயரில் இருக்கும் லைன் வீடும், பட்டா இல்லாத நிலத்துத் தகர வீடும் எந்தப் பட்டியலில் சேரும்? அந்த இடைவெளியில்தான் முதியவர்கள் விழுகிறார்கள்.

மாணவர் உழைப்பு அரசின் பொறுப்புக்கோ தோட்ட நிர்வாகத்தின் பொறுப்புக்கோ மாற்றாகிவிடக்கூடாது. ஆறு பிள்ளைகள் வந்து தகரம் போட்டுவிட்டார்கள், இனி நாம் பார்க்க வேண்டியதில்லை என்று பொறுப்புள்ளவர் ஒதுங்கினால் அந்தத் தொண்டே தீமையாகிவிடும். ஆகவே செப்பனிடும் மாணவர் சாட்சியாகவும் இருக்க வேண்டும். எந்த வீட்டின் பின் மண்மேடு விரிசல் விட்டிருக்கிறது, எந்த லைனில் கழிப்பறை இல்லை, யாருக்கு முதியோர் ஓய்வூதியம் வரவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். அதை ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் முறையாகக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கால்வாய் வழித்த அதே கை மனுவையும் எழுதினால், அடுத்த ஆண்டு அந்த வீட்டுக்கு அரசின் கையும் வரும். விரிசல் விட்ட மேட்டின் கீழ் இருக்கும் வீட்டைச் செப்பனிடுவதே தவறு. அங்கிருப்பவரைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் அங்கே செய்ய வேண்டிய தொண்டு.

மாணவருக்கு இதனால் என்ன கிடைக்கும்? நம் கல்வி பிள்ளைகளுக்கு மேலே ஏறக் கற்பிக்கிறது. மலையை விட்டுப் போகவும் கற்பிக்கிறது. போகட்டும், வாழட்டும். ஆனால் ஒரு கூரை தானாக நிற்பதில்லை, யாரோ ஆண்டுதோறும் அதைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கைகளால் அறிந்தவர், எங்கே போனாலும் அந்த அறிவோடு போவார். நாளைக்கு அவர் பொறியாளராகும்போது சரிவில் கால்வாய் இல்லாத கட்டடத்துக்குக் கையெழுத்திட மாட்டார். அதிகாரியாகும்போது பட்டா மனுவைக் கீழே தள்ள மாட்டார். மகனாக, மகளாக, தன் தாயிடம் தொலைபேசியில் "பணம் வந்துச்சாம்மா?" என்று கேட்பதோடு நிற்காமல், "மழைக்கு வீடு எப்படியிருக்கும்மா?" என்றும் கேட்பார்.

நீலகிரியின் கல்லூரி முதல்வர்களுக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த சிறப்பு முகாமுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த ஊரில் தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மழை வந்தால் எங்கே படுப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு முகாமில் நூறு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம், மூன்று வீடுகளை மழை புகாமல் செய்யுங்கள். மழைக்குப் பின் திரும்பிப் போய்ப் பாருங்கள். மாணவர்களே, உங்களிடம் நேரமும் வலுவும் இருக்கும் ஆண்டுகள் இவை. உங்களுக்காக உழைத்துத் தேய்ந்தவர்கள் இன்னும் சில மழைக்காலங்கள்தான் நம்மோடு இருப்பார்கள். அவர்கள் உலர்ந்த பாயில் உறங்கும்படி செய்வது இந்தத் தலைமுறையின் கடமை, அதை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவைக்க முடியாது.